இசை இதழின் உள்ளடக்கப் பக்கத்தை வடிவமைப்பது எப்படி?

ஓர் இசை இதழின் உள்ளடக்கப் பக்கத்தில் வாசகர் நெடுநேரம் தங்குவதில்லை. அட்டையில் கண்ட ஒரு முகத்தையோ பெயரையோ தேடி அங்கே வருகிறார். பக்க எண் கிடைத்ததும் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் சில நொடிகளுக்குள் அந்தப் பக்கம் இரண்டு வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். அவர் தேடி வந்ததைத் தடையின்றிக் காட்ட வேண்டும். அவர் தேடாத, ஆனால் படித்தால் மகிழக்கூடிய வேறொன்றையும் அவர் கண்ணில் பட வைக்க வேண்டும். படம் பெரிதாக இருக்கலாமா, தலைப்பு எங்கே நிற்க வேண்டும், வண்ணம் எத்தனை என்று எழும் ஐயங்களில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டு வேலைகளை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

எனவே, கணினியைத் திறப்பதற்கு முன் இதழில் வரவிருக்கும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். நேர்காணல், நீண்ட கட்டுரை போன்ற சிறப்புப் பகுதிகள் ஒரு பக்கமும், செய்திகள், ஆல்பம் விமர்சனங்கள், நிகழ்ச்சி அட்டவணை, வாசகர் கடிதம் போன்று ஒவ்வொரு இதழிலும் தவறாமல் வருபவை மறுபக்கமும் இருக்கட்டும். அதன் பிறகு சிறப்புப் பகுதிகளுக்குள் முதலிடம் எதற்கு, இரண்டாம் நிலையில் நிற்கும் இரண்டு மூன்று எவை என்று முடிவுசெய்யுங்கள். எல்லாமே முக்கியம் என்றுதான் ஆசிரியர் குழு சொல்லும். ஆனால், எல்லாவற்றையும் ஒரே அளவில் அச்சிட்டால் எதுவுமே கண்ணில் நிற்காது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லி, ஒரு வரிசையைக் கேட்டு வாங்குவதும் வடிவமைப்பாளரின் பொறுப்பே. அந்த வரிசை கைக்கு வராமல் வடிவமைப்பைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கட்டமைப்பு. ஏ4 அளவுள்ள, அதாவது 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்ட தாளை எடுத்துக்கொள்வோம். தையல் வரும் உள்பக்கத்தில் 18 மி.மீ., வெளிப்பக்கத்தில் 12 மி.மீ. ஓரம் விட்டால் 180 மி.மீ. அகலம் மிஞ்சுகிறது. நடுவே 6 மி.மீ. இடைவெளியுடன் இதை மேலிருந்து கீழாக ஓடும் ஆறு பத்திகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பத்தியும் சரியாக 25 மி.மீ. வரும். அவற்றில் நான்கைச் சேர்த்து 118 மி.மீ. அகலத்தைச் சிறப்புப் பகுதிகளுக்கும் பெரிய படத்துக்கும் கொடுத்து, மீதமுள்ள இரண்டைச் சேர்த்து 56 மி.மீ. அகலத்தை, ஒவ்வொரு இதழிலும் வரும் தொடர் பகுதிகளுக்கு ஒதுக்கலாம். இந்தச் சமமற்ற பிரிவினை தற்செயலானதல்ல. பக்கத்தை நடுவில் இரண்டாகப் பிளந்தால் இரு பக்கமும் ஒரே எடையுடன் நின்று, எங்கிருந்து தொடங்குவது என்று கண் தயங்கும். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால் பார்வை தானாகவே பெரிய பகுதிக்குப் போய், அதன் பிறகு சிறியதற்கு வரும். எழுத்து 9 பாயிண்ட், வரியிடைவெளி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை) 13 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், மேலே 15 மி.மீ., கீழே 20 மி.மீ. ஓரம் விட்ட பக்கத்தில் 57 வரிகள் அடங்கும். இரண்டு பகுதிகளின் வரிகளும் ஒரே அடிக்கோட்டில், அதாவது எழுத்துகள் அமரும் கற்பனைக் கோட்டில், நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது சற்றே பிசகினாலும், காரணம் தெரியாமலேயே பக்கம் கலைந்திருப்பதாக வாசகருக்குத் தோன்றும்.

இனி, பக்க எண்கள். நான் மிகுந்த அக்கறையுடன் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் பல பக்கங்கள் தடுமாறுவது இங்கேதான். தலைப்பை இடது ஓரத்திலும் எண்ணை வலது ஓரத்திலும் வைத்து, நடுவே புள்ளிகளை வரிசையாக இட்டு இணைக்கும் பழைய வழக்கம் இன்னமும் தொடர்கிறது. கண் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் குறுக்கே நடக்க வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு வரி மாறினாலும் தவறான பக்கத்துக்குப் போய்விடும். எண்ணைத் தலைப்புக்கு முன்னால், அதை ஒட்டியே, தலைப்பைவிடத் தடித்த எழுத்தில் வையுங்கள். எண்களுக்கென்று 10 முதல் 12 மி.மீ. வரை தனி அகலம் ஒதுக்கி, அதற்குள் அவற்றை வலப்பக்கம் சீராக்கினால், 8 என்பதும் 64 என்பதும் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எழுத்துருவில் எல்லா எண்களும் ஒரே அகலத்தில் அமையும் வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 1 வரும் இடங்களில் மட்டும் வரிசை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். முதன்மைக் கட்டுரையின் எண்ணை மட்டும் 40 பாயிண்டோ அதற்கு மேலோ பெரிதாக்கிப் படத்தின் மேல் வைக்கலாம். அப்படி வைத்தால், பட்டியலிலும் அதே எண் இருக்க வேண்டும். படத்தைக் காணாமல் பட்டியலைப் படிப்பவரும் இருக்கிறார்.

எண்ணையும் தலைப்பையும் அடுத்து வருவது, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே வரும் அறிமுக வரி. இதை வடிவமைப்பாளர் எழுதுவதில்லை என்றாலும், அதன் நீளமும் தன்மையும் அவருடைய வேலையை நேரடியாகப் பாதிக்கின்றன. “மௌனத்தின் விலை” என்ற தலைப்பின் கீழே “ஒரு சிறப்புப் பார்வை” என்று எழுதியிருந்தால் அந்த வரி இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, “கேட்கும் திறன் குறைந்துவரும் ஒரு டிரம்மர், மேடையை விட்டு இறங்க மறுப்பது ஏன் என்று சொல்கிறார்” என்று இருந்தால், அந்தக் கலைஞரைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். முதன்மைக் கட்டுரைக்கு இருபத்தைந்து சொற்கள், மற்றச் சிறப்புக் கட்டுரைகளுக்குப் பதினைந்து, தொடர் பகுதிகளுக்கு ஆறு ஏழு என்று ஓர் உச்ச அளவை முன்கூட்டியே எழுதுபவரிடம் கொடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் எழுத்தைச் சுருக்கி இடத்துக்குள் திணிக்க வேண்டிய நிலை வராது.

தமிழில் அச்சிடுபவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் எழுதப்படும் ரோமன் எழுத்தில், A, B போன்ற பெரிய எழுத்துகளைக் கொண்டு ஒரு தலைப்பை உயர்த்திக் காட்டலாம். தமிழில் அந்த வசதி இல்லை. ஆகவே தடிமன், அளவு, வண்ணம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய நான்கைக் கொண்டுதான் நிலை வேறுபாட்டைக் காட்ட முடியும். சொற்கள் நீளமானவை என்பதால், 56 மி.மீ. பத்தியில் இருபக்கமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே பெரும் ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது. மேலே ‘கீ’ போன்ற எழுத்தின் சுழியும் கீழே ‘மு’ போன்ற எழுத்தின் வளைவும் நீளுவதால், வரியிடைவெளியைக் குறைக்கும் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

படத்தைப் பொறுத்தவரை, அட்டையில் வந்த அதே படத்தை மீண்டும் இடாதீர்கள். அதே ஒளிப்பட அமர்வில் எடுத்த வேறொரு படம் இருந்தால் போதும். வாசகர் அந்த முகத்தை உடனே இனங்கண்டுகொள்வார், இதழும் அவருக்குப் புதிதாக ஒன்றைத் தந்திருக்கும். படத்திலுள்ளவர் பக்கத்துக்கு வெளியே பார்த்தால் வாசகரின் பார்வையும் வெளியே போகும் என்பதால், பட்டியலை நோக்கிப் பார்க்கும் கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின்மேல் எண்ணோ எழுத்தோ வரப்போகிறது என்றால், ஒரே நிறமான சுவர், இருண்ட மேடை, வானம் போன்று சலனமில்லாத ஒரு பகுதி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேடை விளக்குகளின் நடுவே வெள்ளை எழுத்தை வைத்துவிட்டு, அது தெரிவதற்காக நிழல், கரை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதைவிட வேறு படத்தைத் தேடுவது மேல். 118 மி.மீ. அகலத்தில் அச்சாகும் படம் அங்குலத்துக்கு 300 பிக்சல் தெளிவுடன் இருக்க ஏறத்தாழ 1,400 பிக்சல் அகலம் தேவை. தாளின் விளிம்புவரை போகும் படமானால், வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாக நீட்டிவிடுங்கள்.

வண்ணங்களில் நீண்ட யோசனை தேவையில்லை. கறுப்புடன், அட்டையிலிருந்து எடுத்த ஒரு வண்ணம் போதும். அதையும் எண்களுக்கும் பகுதித் தலைப்புகளுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

பக்கத்தின் உச்சியில் நிற்கும் “உள்ளடக்கம்” என்ற சொல்லை எப்படி அமைப்பது என்பது சுவையான கேள்வி. 1980இல் லண்டனில் தொடங்கிய ‘தி ஃபேஸ்’ இதழின் கலை இயக்குநராக இருந்த நெவில் பிராடி, 1980களின் நடுவில் அந்தச் சொல்லின் எழுத்துகளை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாகச் சிதைத்து, இறுதியில் வெறும் வடிவங்களாக்கிவிட்டார். அது வெறும் துணிச்சலால் மட்டும் வெற்றிபெறவில்லை என்றே நான் கருதுகிறேன். தொடர்ந்து வாங்கும் வாசகருக்கு அந்தப் பக்கம் எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாற்றமும் படிப்படியாக நிகழ்ந்தது. முதல் இதழிலேயே அதைச் செய்ய முயன்றால் புதிய வாசகர் வழி தெரியாமல் நிற்பார். புதிய இதழ் நடத்துபவர்கள் சில இதழ்கள் வரையாவது தலைப்பின் இடத்தையும் எழுத்துருவையும் மாற்றாமல் வைத்திருந்து, பிறகு விளையாடத் தொடங்கலாம்.

இசை இதழுக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. பிரிட்டனின் ‘என்.எம்.இ.’ என்ற இசை இதழ் தன் உள்ளடக்கப் பக்கத்தில், அந்த இதழில் இடம்பெறும் இசைக்குழுக்களின் பெயர்களை அகரவரிசையில் பக்க எண்களுடன் ஓர் ஒடுங்கிய பத்தியில் கொடுத்துவந்தது. தனக்குப் பிடித்த குழுவைப் பற்றி ஒரு சிறு செய்தி வந்திருந்தாலும் படிக்க விரும்பும் ரசிகருக்கு இது பெரிய உதவி. விமர்சனங்கள் நிறைய வரும் இதழ் என்றால் 7 பாயிண்ட் எழுத்தில், ஒரே பத்தி அகலத்தில் இதற்கு இடம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, சரிபார்ப்பு. விளம்பரம் ஒன்று கடைசி நாளில் வந்து சேர்ந்தால் அதன் பின்னுள்ள பக்கங்கள் நகரும். முதுகில் கம்பியடித்த இதழில் மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், ஒரு பக்கம் கூடினால் வேறு சிலவும் இடம் மாறக்கூடும். ஆகவே அச்சகத்துக்கு அனுப்பப்போகும் இறுதிக் கோப்பை முழுவதும் தாளில் எடுத்து, உள்ளடக்கப் பக்கத்தை ஒருவர் கையிலும் மற்றப் பக்கங்களை இன்னொருவர் கையிலும் கொடுங்கள். முதலாமவர் எண்ணை மட்டும் வாசிக்கட்டும். இரண்டாமவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, அங்கே அச்சாகியிருக்கும் தலைப்பையும் கலைஞரின் பெயரையும் உரக்கப் படிக்கட்டும். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் குறித்துக்கொண்டு, இரண்டு இடங்களிலும் திருத்திய பிறகு, படத்தின் மேலுள்ள எண்ணையும் அட்டையில் ஏதேனும் எண் இருந்தால் அதையும் இதே முறையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.