பழைய குறிச்சொல்லைக் கழற்றும் முன்

போன வாரம் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார்: "அண்ணா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல பழைய லேண்ட்யூஸ்=ஃபார்ம் (நிலப் பயன்பாடு: பண்ணை) டேக் 300 இருந்துச்சு. ஒரே ராத்திரியில மாத்திட்டேன்." ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்; அதில் ஒரு இடம் என்ன வகை என்று சொல்லும் சிறு குறிப்புதான் குறிச்சொல், அதாவது டேக். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கூத்தை ஆடியவன் நான். பழைய டேக்கை மாற்றும்போது செய்யும் பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்; எழுத்துப்பிழை மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

தேடு, மாற்று, ஏற்று

அந்தக் குறிச்சொல் கைவிடப்பட்டதே அதற்கு இரண்டு பொருள் இருந்ததால்தான். சிலர் வயலுக்குப் போட்டார்கள். சிலர் வீடும் மாட்டுக்கொட்டகையும் வைக்கோல்போரும் இருக்கும் பண்ணை வளாகத்துக்கு. இப்போது வயலுக்கு ஃபார்ம்லேண்ட், வளாகத்துக்கு ஃபார்ம்யார்ட். எது எது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் பார்க்கவில்லை. வரைபடத் தரவில் தேடும் ஓவர்பாஸ் என்ற கருவியில் தேடி எடுத்து, மொத்தத்தையும் ஃபார்ம்லேண்ட் ஆக்கினேன். இப்படிக் கூட்டமாக மாற்றும் முன் மற்றவர்களிடம் கேட்க வேண்டும் என்ற விதியும் அப்போது தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒருவர் கேட்டார்: "எங்க தென்னந்தோப்பு எப்போ வயலாச்சு?" தோப்புக்கு ஆர்ச்சர்ட் என்று தனி டேக்கே இருக்கிறது. அப்படியே திருப்பலாம் என்றால், அதற்குள் பலர் அதே இடங்களில் வேறு திருத்தங்கள் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரிக்க இரண்டு வாரம் ஆனது.

எரிச்சல் அந்த இரண்டு வாரத்துக்காக இல்லை. பழைய டேக் இருந்தவரை, 'இங்கே சந்தேகம் இருக்கு' என்று வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளான எடிட்டரே எச்சரிக்கும். நான் மாற்றியதும் எச்சரிக்கை போய்விட்டது, தவறு தங்கிவிட்டது. கடைகளுக்குப் போட்ட ஷாப்=ஃபிஷ் டேக்கின் கதையும் இதுதான்: சாப்பிடும் மீனா, தொட்டியில் வளர்க்கும் மீனா?

விக்கிப் பக்கத்தைத் துடைப்பது

டேக் செத்தாலும் அதை விளக்கும் விக்கிப் பக்கம் இருக்கட்டும். பழைய தரவில் அதைப் பார்ப்பவர் வேறு எங்கே போவார்? மேலே 'கைவிடப்பட்டது' என்று போட்டு, ஏன், மாற்று எது என்று எழுதுங்கள். அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாமா, இடத்தைப் பார்க்க வேண்டுமா என்றும் ஒரு வரி. அந்த வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை.

ஓட்டுப் போட்டாச்சு, டேக் போயாச்சு

போகாது. ஆற்றின் பரப்பைக் குறித்த வாட்டர்வே=ரிவர்பேங்குக்கு மாற்று 2011-இலேயே ஓட்டெடுப்பில் ஏற்கப்பட்டது; அதன் பிறகும் பல வருடம் இரண்டும் சேர்ந்தே ஓடின.

குறிப்பில் "டேக் சரிசெய்தேன்"

திருத்தத்தோடு எழுதும் குறிப்பில் இதை மட்டும் போட்டால் போதாது. எதை? ஏன்?

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து முதல் பத்து இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆறு வயல். நான்கில் மண்சாலை கட்டம் கட்டமாக ஓடியது. பிளாட் போட்டுவிட்டார்கள்.