பிளஸ் ஒன்னுக்கு எந்த அரசுப் பள்ளி? சுற்றுவட்டாரப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

அக்கா மகள் படித்தது உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு அங்கே முடிந்துவிடும். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு உயிரியல் பிரிவு வேண்டும். பொன்னமராவதிப் பக்கம் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசு மேல்நிலைப் பள்ளிகள் நான்கு. அவற்றை ஒப்பிடப் போய் நான் ஒரு தவறு செய்தேன். அதை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கணினியில் அட்டவணை போடுவதைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்றபடியே எழுதிக்கொள்ளலாம். பள்ளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

அடுத்தது யுடைஸ் பிளஸ், அதாவது பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஒன்றிய அரசின் இணையதளம். நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். மாவட்டம், ஒன்றியம் தேர்ந்தெடுத்தால் பள்ளியின் பக்கம் வரும். வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, நூலகம், கணினி எல்லாம் அதில் இருக்கும். கைப்பேசியில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், பெரிய திரையில் பாருங்கள்.

மூன்றாவது, தேர்ச்சி விகிதம். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், நானும் கேட்டேன். ஆனால் விகிதத்தை மட்டும் எழுதாதீர்கள், தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 19 பேர் எழுதி ஒருவர் தவறினால் 94.7 விழுக்காடு. 160 பேர் எழுதி எட்டுப் பேர் தவறினால் 95 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். பள்ளிகளோ வேறு வேறு. இன்னொன்றும் பாருங்கள். யுடைஸ் பக்கத்தில் ஓர் ஆண்டு பதினொன்றில் இருந்தவர்களையும் அதற்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டில் இருந்தவர்களையும் எண்ணுங்கள். பெரிய பள்ளம் விழுந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நேரில் கேளுங்கள்.

என்னைத் தடுக்கி விழவைத்தது நான்காவது படி. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் பலகை வைத்திருந்த ஒரு பள்ளிக்குப் போனேன். "உயிரியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். "இருக்கிறார்" என்றார்கள். சேர்த்துவிட்டேன். பத்து நாள் கழித்து, "சித்தி, விலங்கியல் பாடவேளைக்கு யாருமே வருவதில்லை" என்றாள் குழந்தை. அவர்கள் சொன்னது பொய்யில்லை, நான் கேட்டதுதான் போதவில்லை. உயிரியல் ஒரே பாடம் என்றாலும் தாவரவியலுக்கு ஒரு முதுகலை ஆசிரியர், விலங்கியலுக்கு ஒருவர் வேண்டும். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் இரண்டுக்கும் தலா 35. அங்கே விலங்கியல் பணியிடம் காலி. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர்த்தோம். அந்தப் பத்து நாள் பாடத்தை அவள் இரவில் உட்கார்ந்து எழுதிப் படித்ததைப் பார்க்க எனக்கு வலித்தது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றுக்கும் யார் எடுக்கிறார்? நிரந்தரமா, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியரா? தற்காலிகம் என்றால் குறைவு என்று அர்த்தமில்லை. ஆண்டு முழுவதும் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் நாங்கள் சேர்த்த பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தின் கழுவுதொட்டி ஈரமாக இருந்தது, பியூரெட் தாங்கிகளில் விரல்பட்ட தடம் இருந்தது. இன்னொரு பள்ளியில் பூட்டுக்குச் சாவி தேடவே கால் மணி நேரம் ஆனது.

பஸ் நேரத்தைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். காலை பஸ்ஸை எல்லோரும் பார்ப்பார்கள். மாலையில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: அரசு உதவிபெறும் பள்ளியையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பிளஸ் ஒன்னில் உதவிபெறும் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும்.

மீண்டும் ஒரு சேர்க்கை: யுடைஸில் இருந்த ஆசிரியர் எண்ணிக்கை நேரில் குறைவாக இருந்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது முந்தைய கல்வியாண்டின் கணக்கு. பொதுமாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர்கள் இடம் மாறியிருப்பார்கள். கலந்தாய்வு முடிந்ததும் இன்னொரு முறை போய்க் கேளுங்கள். நானும் போய்க் கேட்டேன். எங்கள் விலங்கியல் ஆசிரியை அதே பள்ளியில்தான் இருக்கிறார்.