பிரேக் மிதித்தால் பைலட் லைட் எரியுதா? பழைய வண்டி ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பிவிட்டு இடது காலால் பிரேக்கை மிதித்தேன். (இடது காலில் பிரேக், வலது காலில் கியர் இருக்கிற பழைய புல்லட்.) பின்னால் சிவப்பு லைட் எரியவில்லை. அதற்குப் பதிலாக முன்னால், ஹெட்லைட்டுக்கு மேலே இருபக்கமும் உட்கார்ந்திருக்கிற சின்ன பைலட் லைட் இரண்டும் மினுக்கென்று எரிந்தன. ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டிய ஆடு மாதிரி ஒரு சத்தம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னார்: “ஏன் மாப்ள, ஓடாம கெடந்தப்பகூட ஹாரன் நல்லாத்தானே அடிச்சுது?”

வண்டி அவருடையதுதான். 1993 மாடல், டிஎன் 29 நம்பர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் இந்தப் பக்கமும் தர்மபுரி மாவட்டம்தான், அதனால்தான் தர்மபுரி நம்பர். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் கொட்டகையில் ஒன்பது வருடம் கிடந்ததை எடுத்து வந்து பிரித்து, சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் போட்டு, டேங்குக்கு பெயிண்ட் அடித்து, நிக்கல் சாமான்களைப் பஃபிங் போட்டு மின்ன வைத்திருந்தேன். ஒயரிங் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் முதல் தவறு. பழைய வண்டியைத் தூக்கி நிறுத்த நினைக்கிற பலரும் இதே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் அழகு, கடைசியில் கரண்ட்.

முறை அதற்கு நேர் எதிர். வண்டி அழுக்கோடும் துருவோடும் இருக்கும்போதே ஒரு நல்ல பேட்டரியைக் கொடுத்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். எந்த ஒயர் எந்த ஓட்டை வழியாகப் போகிறது, எந்த போல்ட்டில் எர்த் (மைனஸ் இணைப்பு) முடுக்கியிருக்கிறது என்று செல்போனில் முப்பது நாற்பது போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்திருந்தால் நான் அடுத்த இரண்டு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? புது ஒயரிங் கிட் வாங்கினேன். சரியாகவில்லை. பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைப் புதிதாக வாங்கினேன். அப்புறம் புது பேட்டரி. பிரேக் மிதித்தால் பைலட் லைட் அப்போதும் மினுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் கிருஷ்ணகிரியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். கையில் மீட்டர்கூட இல்லை. இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் சால்டர் செய்து வைத்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்.

“பெயிண்ட் அடிச்சியா தம்பி?”

“ஆமாண்ணா. பவுடர் கோட்டிங்.”

“எர்த்துக்கும் சேத்து அடிச்சிட்டியே.”

ஒரு முழ ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொரு முனையை டெயில் லைட் ஹோல்டரிலும் வைத்தார். “இப்ப மிதி.” பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தது, பைலட் லைட் அணைந்தது. ஹெட்லைட் டூமுக்கும் (ஹெட்லைட் உட்காருகிற இரும்புக் கிண்ணம்) அதே மாதிரி ஒரு ஒயர் வைத்தார். ஹாரன் தெருமுனை வரைக்கும் கேட்டது.

நடந்தது இதுதான். இந்த வண்டிகளில் ஒவ்வொரு பல்புக்கும் ப்ளஸ் ஒயர் மட்டும்தான் தனியாக வரும். மைனஸ் திரும்பிப் போகிற வழி மட்கார்டு, சேசிஸ், என்ஜின் என்று இரும்பின் மேலேதான். பவுடர் கோட்டிங் என்பது அடுப்பில் வைத்துச் சுட்ட பிளாஸ்டிக் தோல், கரண்டை விடாது. மட்கார்டு சேசிஸைத் தொடுகிற இடம், எர்த் போல்ட் உட்காருகிற இடம் என்று எல்லாமே அந்தத் தோலுக்குள் போய்விட்டன. டெயில் லைட்டில் இருப்பது இரட்டை இழை பல்பு. டெயிலுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, எர்த் இரண்டுக்கும் பொது. அந்தப் பொது வழி அடைபட்டால், பிரேக் இழைக்கு வந்த கரண்ட் டெயில் இழை வழியாக ஏறி, டெயில் ஒயரில் முன்னோக்கி ஓடி, பைலட் லைட் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இருக்கிற வோல்டேஜை பிரேக் இழை, டெயில் இழை, பைலட் லைட் எல்லாம் வரிசையாகப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அந்த மங்கல். ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் லேசாகச் சிமிட்டுவது, பிரேக் மிதித்தால் ஸ்பீடோமீட்டர் லைட் எரிவது என்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டால், எர்த்தைப் பாருங்கள். கிட் வாங்க ஓடாதீர்கள்.

சரிசெய்ய எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் துரு ஏறாது. நான் இன்னும் ஒரு படி போனேன்: டெயில் லைட்டிலிருந்து ஒன்று, ஹெட்லைட் டூமிலிருந்து ஒன்று என்று தனித்தனி கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸுக்கே இழுத்துவிட்டேன். ஹேண்டில் பக்கத்து எர்த், ஸ்டீரிங் பேரிங்கின் குண்டுகள் வழியாகக் கிரீஸுக்குள் நீந்திப் போக வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.

அளந்து பார்க்க ஆசையென்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை ஹெட்லைட் டூமின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ துருவோ பெயிண்டோ இருக்கிறது. கரண்ட் ஓடாமல் “பீப்” சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒயர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பதினாறு இழையில் பதினைந்து அறுந்திருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஹெட்லைட்டின் சுமையை அந்த ஒயர் தாங்காமல் போகலாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டருக்குப் பதில் பல்பு வைத்திருந்தது அதனால்தான். 21 வாட் பல்பு எரிந்தால்தான் அந்த ஒயரில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அதே பல்பு ஷார்ட் பிடிக்கவும் உதவும். பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள். தயவுசெய்து வேண்டாம். பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். ஒயர் போகிற இடம் பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே. 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பியூஸ் போடுவதும் இதே கதைதான். பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்பின் இரண்டு ஒயரையும் கொடுங்கள். சுவிட்ச் எல்லாம் ஆஃபில் இருக்கும்போதே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால், ஷார்ட் உயிரோடு இருக்கிறது. அப்படி இல்லையென்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எதைப் போட்டால் முழு வெளிச்சத்தில் எரிகிறது என்று பாருங்கள். இப்போது அவசரமில்லை, எதுவும் புகையாது. ஒயர்களைச் சேர்க்கிற கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. எனக்கு அது சீட்டுக்குக் கீழே, மாற்றாமல் விட்ட பழைய ஒயரில் அகப்பட்டது. தோப்புக் கொட்டகை எலி, பிரேக் லைட் ஒயரின் தோலை ஒரு அங்குலத்துக்கு வழித்துத் தின்றிருந்தது. டூல் பாக்ஸுக்குள் மாவிலையும் பஞ்சுமாகக் கூடு வேறு.

புளி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புளிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை, ஒயர் முனையில் மாட்டுகிற பித்தளை டெர்மினலையும் தேய்த்துவிடுகிறது. நானும் உப்பு சேர்த்துத் தேய்த்தேன், தங்கம் மாதிரி வந்தது. ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. புளியின் அமிலமும் உப்பும் மடிப்புக்குள் தங்கிவிட்டால் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்ன ஆரம்பிக்கும். குத்துவிளக்கைத் தண்ணீரில் கழுவித் துடைக்கிறோம், டெர்மினலுக்குள் கையா போகும்? மெல்லிய உப்புத்தாளால் உலர் தேய்ப்பு, இல்லையென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். ரொம்பக் கறுத்துப்போன டெர்மினலை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

இணைப்புகள் பற்றி மெக்கானிக்குகளுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கட்சி: முறுக்கி டேப் சுற்றுவது வீட்டு வேலைக்குக்கூட ஆகாது, வண்டியின் சூட்டில் டேப்பின் கோந்து உருகி வழிந்துவிடும். சால்டர் நல்லதுதான், ஆனால் ஈயம் ஒயருக்குள் கொஞ்சதூரம் ஏறி அதைக் குச்சி மாதிரி விறைப்பாக்கிவிடும். புல்லட்டின் ஆட்டத்துக்கு அந்த விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் அறுகும். அழுத்தி நசுக்குகிற டெர்மினல், மேலே சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவ், இவைதான் நீடிக்கின்றன. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயரை வண்டிக்குப் போடவே கூடாது. பல இழை கொண்ட ஆட்டோ ஒயர்தான் வேண்டும். விலை குறைந்த ரெடிமேட் கிட்டில் ஒயர் மெலிசாகவும் கலர் மாறியும் வரலாம். அதனால் பழைய கிட்டைக் காயலான் கடைக்குப் போடாமல், புதியதை அதன் பக்கத்தில் நீட்டி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் என்ஜின் அணைகிறதா? ஸ்டீரிங் கழுத்தில் ஒயர் தோல் நன்றாக இருந்து உள்ளே அறுந்திருக்கும். புது கிட் போடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்ட பிறகுதான் டேக் (ஒயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) போட வேண்டும்.

ஒயரிங் மேல் வீண் பழி விழுகிற இடமும் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகி அரை மணி ஓடி, சூடானதும் நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்க, திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச்) வைத்த வண்டியில் இது பெரும்பாலும் அதோடு சேர்ந்த கண்டன்சர் அல்லது காயில். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை: நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு உதையுங்கள். ஓடினால் மூடியின் காற்று ஓட்டை அடைந்திருக்கிறது. பெயிண்டரே அதை அடைத்திருக்கலாம்.

ஹெட்லைட் ஆசைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். 60 வாட் ஹாலஜன் 5 ஆம்பியர். பழைய சுவிட்சும் பழைய ஆல்டர்னேட்டரும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை இல்லை. ரிலே (பெரிய கரண்டைத் தானே சுமக்கிற துணை சுவிட்ச்) போட்டால் சுவிட்ச் தப்பிக்கும், பேட்டரி தப்பிக்காது. என்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். 13-ஐத் தொடவே இல்லையென்றால் சார்ஜே ஏறவில்லை. இண்டிகேட்டரை மட்டும் எல்இடியாக மாற்றி, அதைச் சிமிட்ட வைக்கிற பழைய பிளாஷரை விட்டுவைத்தால் அது படபடவென்று அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. பிளாஷரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சேசிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில். ப்ளஸைத் தொட்ட ஸ்பேனர் சேசிஸில் இடித்தால் கிளம்புகிற பொறியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மணல் அடிக்கக் கொடுக்கும்போது சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்தை டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள், மேலே பெயிண்டும் தடியாக ஏறக் கூடாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான். கலரை மாற்றியிருந்தால் அதையும் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டத்துக்கே தொப்பூர் கணவாய்க்குக் கிளம்பிவிடாதீர்கள். நான் பக்கத்தில் இருக்கிற கேஆர்பி டேம் (கிருஷ்ணகிரி அணை) வரைக்கும் போய்த் திரும்பினேன். வந்ததும் ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். சுடுகிற இணைப்பு லூசான இணைப்பு. புல்லட்டில் பேட்டரிக் கரண்ட் அம்மீட்டர் (கரண்ட் ஓடுவதைக் காட்டுகிற மீட்டர்) வழியாகத்தான் போய் வருகிறது; அதன் பின்னால் இருக்கிற இரண்டு நட்டில் ஒன்று தளர்ந்தாலும் வண்டி முழுக்க இருட்டு. என் வண்டியில் மற்ற எல்லாம் குளுகுளுவென்று இருக்க, இடது பக்க நட்டு மட்டும் இன்னும் சுடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா தோப்புக்குப் போன பிறகு அதைப் பிரிக்க வேண்டும்.