எச்.இ.கே. 293 செல்லில் புரதம் குறைவாக வருகிறதா? எங்கே சிக்குகிறது என்று முதலில் பாருங்கள்

எச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் புகுத்தி (இதுதான் டிரான்ஸ்ஃபெக்‌ஷன்) புரதம் தயாரிக்கும்போது அது குறைவாக வந்தால், நிறைய பேர் உடனே கை வைப்பது பி.இ.ஐ. (டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பாலிமர்) விகிதத்தில்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகத் தொட்டால் போதும். புரதம் உருவாகவே இல்லையா, உருவாகி செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டதா, வெளியே வந்து சிதைகிறதா என்று தெரியாமல் எதை மாற்றினாலும் மீடியம்தான் (செல் வளரும் திரவம்) வீண்.

30 மில்லி கல்ச்சர் இரண்டு வையுங்கள், ஒன்றில் உங்கள் பிளாஸ்மிட் (புரதத்தின் ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்), இன்னொன்றில் ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர் புரதத்தின் பிளாஸ்மிட். 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது பாதி செல்கூடப் பச்சையாக ஒளிரவில்லை என்றால் கோளாறு செல்லிலோ டி.என்.ஏ.விலோ பி.இ.ஐ.யிலோ இருக்கிறது. நன்றாக ஒளிர்ந்தும் உங்கள் புரதத்தைக் காணோம் என்றால், செல்லை உடைத்த லைசேட்டையும் மீடியத்தையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றி வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் உங்கள் புரதத்தை மட்டும் காட்டும் சோதனை) போடுங்கள். லைசேட்டில் மட்டும் பேண்ட் இருந்தால் சுரப்பதில் சிக்கல்: வேறு சிக்னல் பெப்டைட் (புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் முன்பகுதி) போட்டுப் பாருங்கள், டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு மறுநாள் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 32, 33க்கு இறக்கிப் பாருங்கள், சில புரதங்கள் அதிலேயே சரியாக மடிந்து வெளியே வந்துவிடும். இரண்டிலுமே இல்லையா? சீக்வென்ஸை மறுபடி படியுங்கள், புரதம் தொடங்கும் ஏ.டி.ஜி.க்கு முன்னால் கோசாக் வரிசை (ரைபோசோமுக்குத் தொடங்கும் இடத்தைக் காட்டுவது) இருக்கிறதா, டேக் (புரதத்தை அடையாளம் காண ஒட்டும் சிறு துண்டு) ஃபிரேமில், அதாவது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் அதே வரிசையில், இருக்கிறதா என்று. மீடியத்தில் துண்டு துண்டாகத் தெரிந்தால் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) வேலை, ஓரிரு நாள் முன்னதாகவே அறுவடை செய்யுங்கள்.

பச்சையே குறைவு என்றால் முதல் சந்தேகம் செல் மீது. 95 சதவீதத்துக்குக் கீழே உயிர்ப்பு (உயிரோடு இருக்கும் செல்லின் விகிதம்) இருக்கும் செல்லில், கட்டி கட்டியாக மிதக்கும் செல்லில் டிரான்ஸ்ஃபெக்ட் செய்யவே வேண்டாம். மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரைத் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனையும் செய்துவிடுங்கள், அது இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, விளைச்சல் மட்டும் விழும். டி.என்.ஏ. எண்டோடாக்ஸின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) இல்லாததாக இருக்கட்டும்.

தொடங்குவதற்கு இந்த அளவுகள் போதும்: மில்லிக்கு 10 முதல் 20 லட்சம் செல், 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ., 3 மைக்ரோகிராம் 25 கிலோடால்டன் லீனியர் பி.இ.ஐ. கல்ச்சரில் பத்தில் ஒரு பங்கு அளவில் டி.என்.ஏ.வையும் பி.இ.ஐ.யையும் கலந்து 10, 15 நிமிடம் வைத்துச் சேர்த்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று விட்டால் துகள்கள் பெரிதாகிவிடும். அப்புறம் ஒன்று, செல் கட்டியாவதைத் தடுக்க ஹெப்பரின், டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் மாதிரி பொருள் கலந்த மீடியத்தில் பி.இ.ஐ. வேலை செய்யாது. புது மீடியத்துக்கு மாறியதும் விளைச்சல் படுத்துவிட்டது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் விளைச்சலைக் கூட்டும் ஊக்கிகள். டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு மறுநாள் வால்புரோயிக் அமிலம் 3.5 மில்லிமோலார், டிரிப்டோன் என்1 0.5 சதவீதம். இரண்டையும் ஒரே நாளில் புதிதாக முயலாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். ஆன்டிபாடி என்றால் ஹெவி, லைட் செயின் பிளாஸ்மிட் விகிதத்தையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் உயிர்ப்பைப் பார்த்து, 70 சதவீதத்தை நெருங்கும்போது எடுத்துவிடுங்கள், செத்த செல்லிலிருந்து கசிவது புரதத்தைத்தான் கெடுக்கும்.

ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) போட்டிருந்தால் நிக்கல் காலமில் ஏற்றியதும் ஃபிளோ-த்ரூவை (ஒட்டாமல் வெளியேறும் திரவம்) கொட்டிவிடாதீர்கள். சில மீடியம் நிக்கலையே உரித்துவிடும், புரதம் முழுக்க அதில்தான் போயிருக்கும். ஜெல்லில் அதையும் ஒரு லேன் ஓட்டிப் பார்த்த பிறகு விளைச்சல் குறைவு என்று முடிவு செய்யுங்கள்.