ஸ்டீயரிங்கில் சத்தம் வந்தால்: பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் எங்கள் பிக்அப், ஒரு மார்கழி விடியலில் சினைமாடு முனகுவதுபோல் முனகத் தொடங்கியது. நேராகப் போனால் சத்தமில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'ம்ம்ம்' என்று இழுக்கும். பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தேன். கோளாறு, விரல் அகல ஹோஸ் கிளிப் ஒன்றில் இருந்தது. எதையும் கழற்றும் முன் நீங்களும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காது

என்ன சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது என்பதே முக்கியம். வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? கடைசிவரை ஒடித்தால் மட்டுமா? வேகத்தடையில் ஏறி இறங்கும்போதா? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு எளிய சோதனை. இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்குச் சாவியைத் திருப்பி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் அசையுங்கள். கனமாகத்தான் இருக்கும். அப்போதும் சத்தம் வந்தால், ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பம்ப்பும் அதைச் சுழற்றும் பெல்ட்டும் காரணமல்ல. சக்கரத்தைத் திருப்பும் இணைப்புகளிலோ ஸ்டீயரிங் தண்டிலோ தேட வேண்டும். இன்ஜின் ஓடினால் மட்டுமே வருகிறது என்றால், பானெட்டைத் திறங்கள்.

முனகல் என்றால் ஆயில்

பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு அடையாளங்கள் இருக்கும். சில வண்டிகளில் மூடியிலேயே அளவுகோல் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த டப்பாவே இல்லையென்றால் உங்கள் வண்டி பெரும்பாலும் மின்சார ஸ்டீயரிங்காக இருக்கும். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

குறைந்திருந்தால், கையேட்டிலோ மூடியிலோ சொல்லியிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்குக்கூடப் பிரேக் ஆயில் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பவர் ஸ்டீயரிங் ஆயில் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால், காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடலாம்.

எங்கள் வண்டியில் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆயிலின்மேல் பால் பொங்கினாற்போல் நுரை. நுரை என்றால் உள்ளே காற்று போகிறது. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸில் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. அதன் கிளிப் தளர்ந்தால் ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே இழுபடும். ஒழுகலைத் தேடுபவர்கள் இதைத் தவறவிடுவது அதனால்தான். கிளிப்பை விரலால் அசைத்தேன், சுற்றியது. ஹோஸின் முனையிலும் முடி அளவு வெடிப்பு. இரண்டையும் மாற்றினேன்.

மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இன்ஜின் ஓடாத நிலையில் ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக 15 முதல் 20 முறை திருப்புங்கள். ஒருவர் டப்பாவைக் கவனித்து, குறையக் குறைய ஊற்ற வேண்டும். குமிழி நின்றதும் வண்டியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். நுரை மீண்டும் வந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள்; அடங்கிவிடும்.

கிறீச் என்றால் பெல்ட்

இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சற்று நேரம் நின்று மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் உருளைகளான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

'டக்' என்றால் இணைப்புகள்

இதில் அலட்சியம் வேண்டாம். முனகும் பம்ப் வண்டியை நிறுத்தாது. சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டோ, ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் முனை மூட்டான டை ராட் எண்டோ கழன்றால் சக்கரம் உங்கள் கையில் இல்லை.

வண்டி நான்கு சக்கரங்களிலும் நிற்க, இன்ஜின் அணைந்திருக்க, உதவிக்கு ஒருவரை அமர்த்தி ஸ்டீயரிங்கை இடம் வலமாக ஓர் அங்குலம் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் டை ராட் எண்டின் மேல் உள்ளங்கையைப் பொத்தினாற்போல் வையுங்கள். நல்ல இணைப்பு ராடோடு சேர்ந்து நகரும். தேய்ந்தது, ராட் நகர்ந்த பிறகு சற்றே தாமதித்து 'டக்' என்று கையில் இடிக்கும். காதுக்கு எட்டாத அந்த இடியைக் கை பிடித்துவிடும்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். 12, 6 இடங்களில் ஆட்டம் என்றால் பால் ஜாயின்ட், கிங் பின் (சில வண்டிகளில் சக்கரம் திரும்பும் அச்சு முளை) அல்லது வீல் பேரிங்.

இந்த மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வறண்டால் 'கிர்ர்' என்று பழைய கதவுபோல் சத்தம் வரும். கிரீஸ் அடிக்கும் சிறு முனையான நிப்பிள் இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் அடிக்கலாம். ஆனால் ஆட்டம் கண்ட இணைப்பைக் கிரீஸ் சரிசெய்யாது, சத்தத்தை மட்டும் சில நாள் மறைக்கும். ஆட்டம் தெரிந்தால் லோடு ஏற்றாமல் பட்டறைக்குப் போங்கள். டை ராட் எண்டை மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மற்ற சத்தங்கள்

கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் வரும் 'ஸ்ஸ்' சத்தம் இயல்பானது. பம்ப்பின் அழுத்தம் வால்வு வழியே வெளியேறுகிறது. ஐந்து நொடிக்கு மேல் அப்படிப் பிடித்து வைக்காதீர்கள், ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும். பெரிய டயர் போட்டவர்கள், திரும்பும்போது உரசல் கேட்டால் மட்கார்டின் உள்பக்கம் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர இயக்க வண்டியில் திரும்பும்போது 'டிக் டிக்' என்றால் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட்டின் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, புதுக் கிளிப்பையும் ஒருமுறை முறுக்குங்கள்; சூட்டில் ரப்பர் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கலாம்.