சாலை விபத்துக் காயத்துக்கு இழப்பீடு கேட்பது எப்படி? வக்கீல் எப்போது வேண்டும்?

விபத்தில் அடிபட்டு எழுந்ததும் "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள்?" என்பதுதான். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி இழப்பீடு கேட்கும் வழியை, இதில் முதல்முறை இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஆஸ்பத்திரிப் பதிவு

எனக்குத் தெரிந்த ஒருவரைக் கார் இடித்துத் தள்ளிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. பிறகு இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டது: "கார் எங்கே வந்தது?" அந்த வரியோடு மல்லுக்கட்டியே மாதங்கள் போயின. அதனால் எந்த வண்டி, எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், கூட இருப்பவர் சொல்ல வேண்டும்.

படி 2: எஃப்.ஐ.ஆர்.

போலீஸில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் புகார் கொடுங்கள். அப்படிப்பட்ட விபத்துகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது: கடுமையான காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம்.

படி 3: ஒரு ஃபைல்

மருந்து பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, சம்பளச் சீட்டு, லீவு கடிதம் என எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பில் மை மங்கிவிடும், உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

படி 4: எதற்கெல்லாம் கேட்கலாம்?

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். படுத்திருந்த நாட்களின் வருமானம், இனி ஆகக்கூடிய சிகிச்சைச் செலவு, வலியும் வேதனையும், குறைந்துபோன எதிர்கால வருமானம் ஆகிய எல்லாவற்றுக்கும் கேட்கலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் பெரிய தொகை. மருத்துவக் குழு "கையில் இத்தனை சதவீத ஊனம்" என்று சான்று தரும். ஆனால் அந்தக் காயம் உங்கள் வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்பதையே தீர்ப்பாயம் (இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் நீதிமன்றம்) பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. இடது கை போன டிரைவருக்குப் பிழைப்பே போய்விடுகிறது. அதே கை போன குமாஸ்தா வேலையில் தொடர முடியலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வயது 34, மாத வருமானம் 15,000, உழைப்புத் திறன் இழப்பு 20 சதவீதம். ஆண்டு வருமானம் 1,80,000. இதை வயதைப் பொறுத்து நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. பெருக்கினால் 28,80,000, அதில் 20 சதவீதம் 5,76,000 ரூபாய். இது அடித்தளம்தான், மற்றவை இதற்கு மேல் சேரும்.

படி 5: மனு

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

படி 6: சரி, வக்கீல் எப்போது?

சிராய்ப்பு, நாலு நாள் மருந்து, எதிர்த்தரப்பும் செலவை ஏற்கிறது என்றால் அவசியமில்லை. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, நிரந்தர ஊனம் என்றால் தள்ளிப்போடாமல் பாருங்கள். "உங்க மேலதான் தப்பு" என்று அவர்கள் சொன்னாலும், மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், ஆறு மாதம் தாண்டிவிட்டாலும் அப்படியே.

முக்கியமாக, சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாருங்கள். யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே கடுமையான காயத்துக்கு 2.5 லட்சம் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட கணக்கோடு அந்த 2.5 லட்சத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து "கேஸ் நாங்க பாத்துக்கறோம்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல்கள் இப்படி ஆள் பிடிக்கக் கூடாது. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஃபீஸை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள்.

பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். அப்புறம், வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஃபைலின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் எப்போது தேவைப்படும் என்று கேட்டுக்கொண்டு, அதுவரை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.