குட்டிப் பன்றிகளின் குடல் நலம்: கொங்குப் பண்ணையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்பன்றிக் குட்டிக்குக் கழிச்சல் கண்டால், எங்கிருந்தோ புதிதாக ஒரு கிருமி வந்துவிட்டது என்று எண்ணி மருந்துக்கடைக்கு ஓடுவதே நம் பக்கத்துப் பண்ணைகளில் வழக்கம். ஆனால் நோய் உண்டாக்கும் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா வகைகள் பெரும்பாலான பண்ணைகளில் எப்போதும் இருப்பவைதான். லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் குட்டியின் குடலில் நிறைந்திருக்கும் வரை அந்த ஈ.கோலையால் எளிதில் தலைதூக்க முடிவதில்லை. அந்த நிலையைக் குலைப்பது பெரும்பாலும் நம்முடைய கைவேலையே.

பன்றிக் குட்டி தாயின் வயிற்றிலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுக்கொண்டு பிறப்பதில்லை. அவை சீம்பாலில்தான் கிடைக்கின்றன. பிறந்த 24 மணி நேரத்துக்குப் பின் அவற்றை உறிஞ்சும் திறன் குடலுக்குப் பெரிதும் குறைந்துவிடும். குளிரில் நடுங்கும் குட்டி மடியைத் தேடுவதில்லை. பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் தேவை என்பதை மறந்து, பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடிக் காற்று வீசும் இரவுகளிலும் பகல் வெயிலை நம்பி மறைப்புப் படுதாவும் பல்பும் இல்லாமல் விட்டுவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பால் மறக்கடிக்கும் நாளில் நடக்கிறது. தாயிடமிருந்து பிரிப்பது, கொட்டகை மாற்றுவது, வேறு ஈற்றுக் குட்டிகளோடு கலப்பது, குடற்புழு மருந்து கொடுப்பது, புதுத் தீவனத்துக்கு மாற்றுவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தால் ஆள்கூலி மிச்சமாகலாம். ஆனால் குட்டியின் வயிறு அதைத் தாங்காது. அந்த வயதில் இரைப்பை போதிய அமிலத்தைச் சுரப்பதில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றித் தருவதால்தான் வயிற்றில் புளிப்பு நிலைத்து, கெட்ட கிருமிகள் அடங்கிக் கிடக்கின்றன. பால் நின்றதும் அந்தப் புளிப்பு குறைகிறது. தீனியைத் தொடாமல் பட்டினி கிடக்கும் குட்டியின் சிறுகுடல் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகள்) ஓரிரு நாளிலேயே குட்டையாகிவிடுகின்றன. பிறகு பசி தாளாமல் அது வயிறு முட்டத் தின்பதில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குச் சென்று அழுகுகிறது. ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தைக் கைப்பிடியளவு வைத்துப் பழக்குவதும், பிரித்த பிறகும் அதே தீவனத்தைச் சில நாள் தொடர்ந்து, சிறுசிறு அளவாக நாளைக்கு நான்கைந்து முறை வைப்பதும் அவசியம். பெரிய பண்ணைகளைப் பார்த்து 28 நாளில் பிரிப்பவர்கள் உண்டு. தரமான குட்டித் தீவனமும் வெப்ப ஏற்பாடும் இல்லாதவர்கள் 42 நாள் வரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று சோயாப் புண்ணாக்கை அள்ளிப் போடுவதும் வினையாகும். செரிக்காத புரதம்தான் கழிச்சல் கிருமிகளுக்கு நல்ல தீனி. கோவை, திருப்பூர் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் சோற்றை நம்பி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முகூர்த்த நாளில் பாயசமும் எண்ணெய்ப் பலகாரமும் வரும், மறுநாள் வெறும் சோறும் சாம்பாரும் வரும். நாளுக்கொரு தீனிக்குக் குட்டியின் குடல் பாக்டீரியாக்கள் பழக முடியாது. வளர்ந்த பன்றிகளுக்கும் அதைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பால் மறந்த குட்டிகளுக்குக் கொடுக்காமலிருப்பதே உத்தமம்.

கழிச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்டிபயாடிக் என்பது அடுத்த தவறு. ரோட்டா வைரஸுக்கும், ஒன்று முதல் இரண்டு வார வயதில் மஞ்சள் களிபோல் கழியவைக்கும் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணிக்கும் அது வேலை செய்யாது. உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடும். கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-ல் தடை செய்துவிட்டது. மருந்து தொடங்கும் முன்பே கழிச்சல் மாதிரியை எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் காட்டினால் எந்த மருந்து கேட்கும் என்பது தெரியும். குட்டியைக் கொல்வது நீரிழப்புதான் என்பதால், அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசலை நிறுத்தக் கூடாது.

உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் பொடி வாங்குபவர்கள் அதைச் சூடான கஞ்சியிலோ குளோரின் கலந்த தண்ணீரிலோ கரைத்தால் பெரும்பாலும் செத்த பாக்டீரியாவைத்தான் ஊட்டுகிறார்கள். போர்த் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்; சல்பேட் மிகுந்த உப்புத் தண்ணீரைக் குடிக்கும் குட்டி, கிருமி ஏதும் இல்லாமலே கழியும்.